மனத்துயரும் குறுங்கால வைத்தியமும்

கண்டி மாநகரைச் சூழ்ந்த மலைகளில், ஹந்தானையிலும் கலஹாவிலும் தெல்தோட்டையிலும் ரங்கலையிலும், மருந்துச்சாலைக்கு வரும் நோயாளரிற் சிலர் இன்ன நோய் என்று ஒன்றைக் குறித்துச் சொல்லமாட்டார்கள். தலையிடி என்பார்கள், நெஞ்சு படபடக்கிறது என்பார்கள், கை கால் விறைக்கிறது, சோறு இறங்கவில்லை, இரவு முழுவதும் கண் மூடவில்லை என்பார்கள். இரத்தத்தைச் சோதித்தால் அதிற் குற்றம் இராது. நெஞ்சிற் குழாயை வைத்துக் கேட்டாலும் குற்றம் இராது. மாத்திரை நான்கைப் பெற்றுக்கொண்டு சென்றவர் அடுத்த கிழமையும் அதே வாங்கில் வந்து அமர்ந்திருப்பார். அன்போடு துருவிக் கேட்பார் ஒருவர் வாய்த்தால் மட்டும் ஒரு சொல் வெளிப்படும். அச்சொல் 'யோசனை' என்பது.

யோசனை என்பது தமிழில் நல்ல சொல்தான். அறிவுரைக்கும் அதுவே பெயர். திட்டத்துக்கும் அதுவே பெயர். எனினும் 'அவளுக்கு யோசனை கூடிப்போயிற்று' என்று ஒரு வீட்டிற் கூறினால், கேட்பவர் அதனை நோயாகவே கொள்வர். வைத்திய நூலார் இதனை மனச்சோர்வு என்பர். இருவரும் ஒன்றைத்தான் சொல்லுகின்றார்களா, வேறு வேறு பொருள்களைச் சொல்லுகின்றார்களா என்பது சிறிய வினா அன்று. அவ்வினாவுக்கு விடை தேடப் புறப்பட்ட ஒரு வைத்தியரின் வாழ்க்கைப் பணியே இங்கு கூறப்படுவது.

இந்நாட்டு மக்கள் இத்துயருக்கு வழி தேடாமல் இருந்ததில்லை. கண்டிச் சிங்களக் கிராமங்களில் கிரகதோஷம் நீங்கப் பலிச் சடங்கும், பேய் நீங்கத் தொவிலும் நடைபெற்று வந்தன. தோட்டங்களில் உடுக்கடித்துக் குறிசொல்லும் கோடாங்கி இருந்தான். கதிர்காமத்துக்கு நேர்த்தி வைத்தவர்களும், கட்டுக்கலைப் பிள்ளையார் வாசலிற் சிதறுதேங்காய் உடைத்தவர்களும் எத்தனையோ பேர். இவற்றை மூடநம்பிக்கை என்று ஒரே வீச்சில் ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் ஒன்றை மறத்தல் ஆகாது. அச்சடங்குகளில் நோயாளி தனியே விடப்படுவதில்லை. உற்றாரும் அயலாரும் இரவு முழுவதும் கூடியிருப்பர். அவர் துயருக்கு ஒரு பெயரும் ஒரு காரணமும் ஊரறியச் சொல்லப்படும். பிற்காலத்து ஆராய்ச்சியாளர் பெருமுயற்சியோடு கண்டுபிடித்த சிலவற்றுக்கு இதிலும் ஒரு சாயல் உண்டு.

1952 ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து பேராதனைக்குப் பெயர்ந்தது. மகாவலி கங்கைக் கரையில் எழுந்த அக்கலைக்கூடத்தில் முதற் பத்தாண்டிற் கற்று, பின்னர் அங்கேயே கற்பித்தவருள் ஒருவர் மானிடவியல் அறிஞர் கணநாத் ஒபேசேகர. அமெரிக்காவிலே பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக இருந்த காலத்தில், 1985 ஆம் ஆண்டு, பௌத்தத்தையும் மனச்சோர்வையும் பற்றி அவர் எழுதிய கட்டுரை ஒன்று உளவைத்திய உலகிற் பெரும் வாதத்தைக் கிளப்பிற்று. வாழ்க்கை துன்பமயமானது, பற்றுவன யாவும் அழிவன, இவ்வுடல் அருவருக்கத்தக்கது என்று ஒருவர் சொல்லுவாராயின், மேல்நாட்டு வைத்தியர் அவரை மனச்சோர்வுடையார் என்று ஏட்டில் எழுதிக்கொள்வர். கண்டியில் உள்ளார் அவரை நல்ல பௌத்தர் என்று கும்பிடுவர். இங்குத் துயரம் சமயத்திலும் மெய்ப்பொருளிலும் ஊன்றி நிற்பது. அங்கோ அது ஊன்றுகோலின்றி மிதப்பது. அவ்வாறாயின், ஒரு நாட்டிலே செய்த நோய்ப்பெயரை மற்றொரு நாட்டு மக்கள் தலையில் ஏற்றுவது எவ்வாறு தகும்? இதுவே ஒபேசேகர எழுப்பிய வினா.

வினா கூரியது. ஆயினும் கலஹாவில் வாங்கிலே அமர்ந்திருக்கும் தாய்க்கு அது போதிய விடையாகாது. மெய்ப்பொருள் உணர்ந்து உலகை வெறுத்தவர் உறக்கத்தை இழப்பதில்லை; பிள்ளைக்குச் சோறூட்ட மறப்பதுமில்லை. துறவு வேறு, துவண்டு கிடத்தல் வேறு என்பதை நம் ஊர்க் கிழவிகளும் அறிவர்.

பேராதனையில் மெய்யியலும் உளவியலும் கற்ற மற்றொருவர் பத்மால் டி சில்வா. அவர் இலண்டனில் உளவியல் வல்லுநராகப் பணியாற்றியவர். 1980களின் நடுப்பகுதியில் அவர் எழுதிய கட்டுரைகள் பழைய பாளி நூல்களுக்கும் இக்கால நடத்தைச் சிகிச்சைக்கும் உள்ள ஒற்றுமையை எடுத்துக்காட்டின. வேண்டாத எண்ணம் மனத்திற் புகுந்தால் அதனை அகற்றுதற்கு ஐந்து உபாயங்களைப் புத்தர் ஒரு சூத்திரத்திற் கூறியுள்ளார். அவ்வைந்தும் இருபதாம் நூற்றாண்டின் உளவியலார் ஆய்வுகூடத்தில் வகுத்த முறைகளுக்கு மிக அணித்தாக நிற்கின்றன என்பது அவர் கண்ட முடிவு. ஆகவே மருந்தின்றி மனத்தைத் திருத்துதல் மேல்நாட்டார் நமக்கு இறக்குமதி செய்துதந்த பொருள் என்று எண்ணவேண்டியதில்லை.

மேல்நாட்டில் அக்கலை நடந்துவந்த வழியைச் சுருக்கமாகக் கூறலாம். வியன்னா நகரத்துப் பிராய்ட் வகுத்த உளப்பகுப்பு முறையில் நோயாளி கிழமைக்குப் பலமுறை, ஆண்டுக்கணக்காக, வைத்தியரிடம் செல்லவேண்டும். செல்வர்க்கன்றி அது ஆகாது. 1950களில் மனச்சோர்வுக்கு மாத்திரைகள் வந்தன; சுவிட்சர்லாந்தில் இமிப்பிரமின் என்னும் மருந்தின் குணம் வெளியிடப்பெற்றது 1957இல். 1960களில் அமெரிக்க வைத்தியர் ஆரன் பெக், நோயாளியின் எண்ணப்போக்கை நேரடியாகத் திருத்தும் ஒரு சிகிச்சையை உண்டாக்கி, ஆண்டுகளை மாதங்களாகக் குறைத்தார். அதனை அடுத்து, உறவுகளிலே ஏற்படும் முறிவை முதன்மையாகக் கொண்டு பேசும் சிகிச்சை ஒன்றைக் கிளெர்மனும் வைஸ்மனும் வகுத்தனர். இவை யாவும் பயன் தருவன என்று நிலைநாட்டப்பெற்றன. ஆயினும் இவற்றைச் செய்பவர் பட்டம் பெற்ற நிபுணராக இருத்தல் வேண்டும் என்ற ஒரு நிபந்தனையை எவரும் தளர்த்தவில்லை. நிபுணரோ நகரத்தில் இருப்பவர். தெல்தோட்டையிலிருந்து கண்டிக்கு வந்து திரும்புவோர்க்கு ஒரு நாட்கூலி போய்விடும். எட்டு முறை வருவோர்க்கு எட்டு நாட்கூலி.

இந்நிபந்தனையைத் தளர்த்திப் பார்க்கத் துணிந்தவருள் முன்னின்றவர் விக்ரம் பட்டேல். 1964 ஆம் ஆண்டில் பம்பாயிற் பிறந்து, அங்கே வைத்தியப் பட்டம் பெற்று, ரோட்ஸ் புலமைப்பரிசிலோடு ஒக்ஸ்போர்ட் சென்று, இலண்டனில் உளவைத்தியத்திற் பயிற்சி முடித்தவர் அவர். இங்கிலாந்திலே வசதியாக அமர்ந்துவிடுதற்கு வேண்டிய யாவும் அவரிடம் இருந்தன. ஆனால் 1993இல் அவர் சென்றது சிம்பாப்வே நாட்டின் தலைநகரான ஹராரேக்கு. அவர் கொண்டுசென்றதும் ஒபேசேகரவின் ஐயத்தைப் போன்ற ஐயமே. மனச்சோர்வு என்பது மேல்நாட்டார் கட்டிய பெயர், ஆபிரிக்க மக்களின் துயரம் வேறு வகையினதாக இருக்கும் என்று அவர் கருதியிருந்தார். ஆகவே பெரிய வைத்தியசாலைகளோடு நில்லாமல் நாட்டு வைத்தியரிடமும், அவர்களிடம் வரும் மக்களிடமும் போய் உட்கார்ந்து கேட்டார்.

ஷோனா மொழி பேசும் அம்மக்கள் தங்கள் நோய்க்குச் சொன்ன பெயர் 'குஃபுங்கிசிசா' என்பது. அதன் பொருள் அளவுக்கு மிஞ்சி யோசித்தல். கண்டி மலைத் தமிழரும் ஹராரே நகரத்து ஷோனாக்களும் ஒருவரையொருவர் கண்டதில்லை. எனினும் துயரத்துக்கு இட்ட பெயர் ஒன்றாகவே இருக்கிறது. பட்டேல் அம்மக்கள் கூறிய குறிகளை ஒவ்வொன்றாக எழுதி ஒழுங்குபடுத்திப் பார்த்தார். உறக்கமின்மை, அழுகை, உடற்சோர்வு, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகிய குறிகள் இலண்டனிற் கண்டவையாகவே இருந்தன. வேறுபட்டது காரணம் கூறும் முறை; வேறுபட்டது பெயர். தாம் கொண்டுசென்ற கருத்து முழுதும் சரியன்று என்பதை அவர் ஒப்புக்கொள்ளவேண்டியதாயிற்று. அதன் பயனாக, மக்களின் சொற்களாலேயே ஆக்கப்பெற்ற 14 வினாக்களைக் கொண்ட ஒரு வினாக்கொத்து உருவாயிற்று. 1997இல் வெளியாகிய அதில், மிகுதியாக யோசிக்கிறீர்களா என்பதும் ஒரு வினா.

1996இல் அவர் கோவாவிற் சில நண்பர்களோடு சேர்ந்து 'சங்காத்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். கொங்கணி மொழியிற் சங்காத் என்றால் துணை, தோழமை. பெயரிலேயே அதன் கொள்கை அமைந்துவிட்டது எனலாம். 2003இல் 'மனநல வைத்தியர் இல்லாத இடத்தில்' என்று பொருள்படும் தலைப்போடு, தாதியர்க்கும் ஊர்ச் சுகாதாரத் தொண்டர்க்கும் ஏற்ற எளிய கைந்நூல் ஒன்றை வெளியிட்டார். நிபுணர் ஒருவர் தம் கலையின் கதவைத் தாமே திறந்துவிட்ட செயல் அது. எல்லா நிபுணர்களும் அதனை விரும்பினார்கள் என்று சொல்வதற்கில்லை.

கதவைத் திறப்பது வேறு; உள்ளே வருபவர் நோயை மாற்றுவார் என்று நாட்டுவது வேறு. இங்கேதான் பட்டேலின் பணியில் மிகவும் மதிக்கத்தக்க பகுதி வருகின்றது. அதே 2003 ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் வைத்திய இதழில் அவர் குழுவின் ஆய்வொன்று வெளிவந்தது. கோவாவின் இரண்டு மாவட்ட வைத்தியசாலைகளுக்கு வந்த 450 பேரைத் திருவுளச்சீட்டுப் போடுவதுபோல் மூன்று கூறாக்கினர். ஒரு கூறாருக்குப் புளுவொக்சட்டீன் என்னும் மனச்சோர்வு மருந்து. ஒரு கூறாருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. ஒரு கூறாருக்குப் பேச்சுச் சிகிச்சை. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது, மருந்து வெறும் மாத்திரையை வென்றது. பேச்சுச் சிகிச்சை வெல்லவில்லை. பேச்சினாற் பயன் உண்டு என்று நம்பியிருந்தவர் தம் பெயராலேயே அதனை அச்சிற் போட்டார். மறைத்திருந்தால் ஒருவரும் கேட்டிருக்கமாட்டார். ஆராய்ச்சி என்ற சொல்லை மிக எளிதாக வழங்கும் இக்காலத்தில் இதனைச் சற்று நின்று கவனித்தல் தகும்.

அடுத்த பரிசோதனை பெரிது. 'மானஸ்' என்று பெயரிட்ட அவ்வாய்வு 24 வைத்திய நிலையங்களில் 2796 பேரை உட்படுத்தி நடைபெற்று, 2010இல் வெளிவந்தது. உளவியற் பட்டம் பெறாத, அப்பகுதியிலேயே வாழும் சாதாரண மக்களுக்குப் பயிற்சியளித்து, அவர்களை உளவளத்துணையாளராக நிலையங்களில் அமர்த்தினர். மருந்து வேண்டியவர்க்கு மருந்தை அங்குள்ள வைத்தியர் கொடுப்பார்; கடினமான நோயாளரை வருகைதரும் மனநல வைத்தியர் பார்ப்பார். அரசாங்க நிலையங்களில் ஆறு மாதத்தின் பின் குணமடைந்தோர் துணையாளர் இருந்த இடத்தில் நூற்றுக்கு 66 பேர். இல்லாத இடத்தில் ஏறத்தாழ 43 பேர். தனியார் நிலையங்களிலோ வேற்றுமை காணப்படவில்லை. ஏழைகள் செல்லும் இடத்திலேயே இம்முறை பலித்தது என்பது எதிர்பாராத செய்தி. காசு கொடுத்து ஒரே வைத்தியரிடம் செல்பவர்க்குப் பேசுதற்கு ஓர் ஆள் ஏற்கெனவே இருந்தார் போலும்.

இதன்பின் அவர்கள் மேற்கொண்டது இன்னும் எளிய முறை. 1970களில் அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்திற் பீற்றர் லெவின்சன் என்பவர் மனச்சோர்வை ஒரு வட்டமாக விளக்கியிருந்தார். மனம் சோர்ந்தவர் தமக்கு இன்பமோ நிறைவோ தந்த செயல்களை ஒவ்வொன்றாக விடுகின்றார். விட்டதனால் நாளில் மகிழ்ச்சிக்கு இடமில்லாமற் போகின்றது. அதனாற் சோர்வு மேலும் ஏறுகின்றது. மேலும் செயல்கள் நழுவுகின்றன. 1996இல் நீல் ஜேக்கப்சன் என்பவர் பெக்கின் சிகிச்சையைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சோதித்தார். எண்ணங்களைத் திருத்தும் நுட்பமான பகுதியை நீக்கிவிட்டு, செயல்களை மீண்டும் தொடங்கச் செய்யும் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டாலும், கிடைக்கும் பயன் குறையவில்லை என்று கண்டார். எளிய பகுதியே வேலை செய்யுமாயின், அதனைக் கற்பதற்குப் பட்டம் எதற்கு?

கலஹாப் பக்கத்து லயன் ஒன்றில் ஒரு தாய் இருப்பதாக எண்ணிக்கொள்வோம். கணவர் கொழும்பில் வேலைக்குப் போனவர். காசு ஒழுங்காக வருவதில்லை. முன்பு மாலையிற் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, பீலிக்கரையில் அயற்பெண்களோடு பேசிக் குளித்து, வெள்ளிக்கிழமை கோயிலுக்கு விளக்கேற்றச் செல்பவள். பின்புறத்தில் ஒரு கீரைப்பாத்தியும் வைத்திருந்தாள். இப்பொழுது பீலிக்கு ஆளில்லாத நேரம் பார்த்துப் போகிறாள், கோயிலை விட்டுவிட்டாள், கீரைப்பாத்தி காய்ந்துபோயிற்று. துணையாளர் அவளிடம் கேட்பது, உன் எண்ணம் பிழை என்பதையன்று. எதை விட்டாய், எப்பொழுது விட்டாய், விட்ட அன்று மனம் எப்படி இருந்தது என்பவற்றையே. பின்னர் இருவரும் சேர்ந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கீரைப்பாத்திக்கு இருநாளைக்கு ஒருமுறை தண்ணீர். அவ்வளவே. அடுத்த கிழமை அது நடந்ததா, நடந்தபோது மனம் எப்படி இருந்தது என்று பார்க்கிறார்கள். நடக்கவில்லையென்றால் ஏன் என்று பார்க்கிறார்கள், கண்டிப்பது இல்லை. அதன்மேல் மற்றொன்று. காசுப் பிரச்சினையும் பேசப்படும்: யாரிடம் கேட்கலாம், எந்த வழியில் எழுதலாம் என்று. இவ்வாறு கிழமைக்கு ஒருமுறை, முப்பது நாற்பது நிமிடம், ஆறு முதல் எட்டு அமர்வுகள். வைத்தியம் முடிந்தது.

உவமையை நம் மலைக்கு மாற்றியிருப்பினும் முறை கோவாவினதே. 2017இல் 'லான்செட்' இதழில் வெளிவந்த அப்பரிசோதனை பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் 495 பேரைக்கொண்டு நடந்தது. சேர்க்கப்பெற்றவர் இலேசான துயரமுடையார் அல்லர், கடுமையான மனச்சோர்வுடையார். நிலையத்துக்கு வர இயலாதவரின் வீட்டுக்கே துணையாளர் சென்றனர். மூன்று மாத முடிவிற் குணமடைந்தோர் அமர்வு பெற்றவருள் நூற்றுக்கு 64 பேர், வழக்கமான வைத்தியத்தைச் சற்றே திருத்தமாகப் பெற்றவருள் நூற்றுக்கு 39 பேர். ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் அப்பயன் நிலைத்திருந்தது. இந்த எண்களை இரண்டு பக்கமும் படித்தல் வேண்டும். துணையாளர் இல்லாமலே 39 பேர் தேறியிருக்கின்றனர்; துணையாளர் இருந்தும் 36 பேர் தேறவில்லை. இம்முறை ஓர் அற்புதம் என்று யாரேனும் கூறுவாராயின் அவர் கணக்கைப் பாராதவர். இடையில் நிற்கும் அந்த 25 பேரே இருபதாண்டு உழைப்பின் ஊதியம். மலையக மருந்துச்சாலை ஒன்றில் அந்த 25 பேரும் யார் யார் என்று பெயர்சொல்லி எண்ணிப் பார்த்தால், அது சிறிய ஊதியம் அன்று.

கோவா மக்களிடையே மதுவின் தீங்கும் பெரிது. அதற்கென அமைந்த மற்றொரு குறுஞ்சிகிச்சையின் முடிவையும் அதே குழுவினர் அதே இதழில் வெளியிட்டனர். கசிப்பும் மனத்துயரும் ஒரே கூரையின்கீழ் வாழும் பகுதிகளை அறிந்தவர்க்கு இது பொருத்தமாகத் தோன்றும்.

துணையாளரின் தரத்தை யார் காப்பது என்பது நியாயமான கேள்வி. கோவாவில் அதற்குக் கண்ட வழி எளிமையானது. நோயாளியின் சம்மதத்தோடு அமர்வுகளை ஒலிப்பதிவு செய்து, துணையாளர் எல்லோரும் கிழமைதோறும் கூடிக் கேட்டு, ஒருவர்க்கொருவர் புள்ளி இட்டனர். அப்புள்ளிகள் நிபுணர் இட்டவற்றோடு பெரும்பாலும் ஒத்துவந்தன. ஆசிரியர் கலாசாலைகளில் மாணவ ஆசிரியரின் பாடத்தைச் சக மாணவர் பின்வரிசையிலிருந்து பார்த்துக் குறிப்பெழுதும் வழக்கத்தை நேயர்கள் இங்கு நினைவு கூரலாம்.

சிம்பாப்வேயில் விதைத்ததும் வீண்போகவில்லை. 2006இல் ஹராரே வைத்தியர் டிக்சன் சிபாண்டா, சுகாதார நிலையங்களின் முற்றத்தில் மரநிழலில் ஒரு வாங்கைப் போட்டு, பயிற்சி பெற்ற பாட்டிமாரை அதில் அமர்த்தினார். நட்பு வாங்கு என்று அதற்குப் பெயர். வருபவரிடம் முதலிற் கேட்கப்பெற்றவை பட்டேல் அந்நகரில் ஆக்கிய அந்த 14 வினாக்களே. ஆறு அமர்வுகளில் நோயாளி தம் பிரச்சினைகளுள் ஒன்றைத் தாமே தெரிந்து, தாமே தீர்க்க வழிகாண்பார். 573 பேரைக்கொண்டு நடந்த ஆய்வின் நல்ல முடிவு 2016இல் அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் இதழில் வெளியாயிற்று. பாகிஸ்தானிலும் ராவல்பிண்டிக் கிராமங்களில் அதிப் ரஹ்மான் என்னும் வைத்தியர், மகப்பேற்றை ஒட்டி மனம் சோர்ந்த தாய்மார்க்கு ஊர்ச் சுகாதாரப் பெண்களைக்கொண்டே இத்தகைய சிகிச்சை அளித்து 2008இல் வெற்றி கண்டிருந்தார்.

மறுப்பும் எழாமல் இல்லை. இலங்கையிற் பிறந்து இங்கிலாந்தில் மனநல வைத்தியராய் விளங்கிய சுமன் பர்னாந்து, மேல்நாட்டு நோய்ப்பெயர்களை உலகெங்கும் பரப்புதல் புதுவகைக் குடியேற்ற ஆதிக்கமாகும் என்று நெடுங்காலம் எழுதிவந்தார். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை தாக்கியபின் பல நாடுகளிலிருந்தும் ஆலோசகர் இலங்கைக் கரைகளில் வந்திறங்கி, மொழியும் அறியாமல், முறையும் அறியாமல் மக்களைக் கதைசொல்லச் சொன்ன காட்சியை நினைப்போர்க்கு அவர் சினம் விளங்கும். வேறொரு மறுப்பு இன்னும் கூரியது. கூலி போதாமையும் வீடின்மையும் துயரத்தின் வேராக இருக்க, எட்டு அமர்வு பேசி அனுப்புதல் ஏழைக்கு ஏய்ப்பாகாதா என்பது அது.

பட்டேல் இதனை அறியாதவர் அல்லர். 2003இல் ஆர்தர் கிளைன்மன் என்னும் ஹார்வார்ட் அறிஞரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில், வறியோர்க்கு இந்நோய் மிகுதியாக வருவதையும், கல்விக் குறைவு, நாளை என்னாகுமோ என்னும் நிச்சயமின்மை, நம்பிக்கை இழப்பு ஆகியவை அதற்குத் துணைபோவதையும் எடுத்துக்காட்டினார். ஒபேசேகரவின் 1985 ஆம் ஆண்டுக் கட்டுரை வெளிவந்த தொகுப்பின் பதிப்பாசிரியர் இருவருள் ஒருவரும் இந்தக் கிளைன்மனே. பேராதனையாரின் ஐயமும் கோவாவின் பரிசோதனையும் ஒருவர் மேசையிலேயே சந்தித்தன என்று கூறலாம். கூலியை உயர்த்தவேண்டியது வேறு கைகளின் கடமை. அது உயரும்வரை உறக்கமின்றிக் கிடப்பவளைக் காத்திருக்கச் சொல்லுதல் எந்த நியாயத்திலும் சேராது.

இலங்கையில் இத்துறையில் உழைத்தவருள் குறிப்பிடத்தக்கவர் மனநல வைத்தியர் அதுல சுமதிபால. காரணம் காணமுடியாத உடல்நோவுகளோடு மீண்டும் மீண்டும் வைத்தியரிடம் வருவோரை, அதாவது நாம் முதலிற் கண்ட வாங்கில் இருப்போரையே, அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். 2000 ஆம் ஆண்டில் வெளியான சிறிய ஆய்வில், சில அமர்வுகளோடு முடியும் எண்ணச் சிகிச்சை பெற்றவரின் நோவும் வைத்தியரிடம் வரும் தடவையும் குறைந்தன. 2008இல் வெளியான பெரிய ஆய்விற் பொது வைத்தியர்க்குப் பயிற்சியளித்து அதனைச் செய்வித்தபோது, ஒழுங்காக நேரம் ஒதுக்கிக் கவனமாகக் கேட்கும் வைத்தியத்தைக் காட்டிலும் அது மேலானதாகக் காணப்படவில்லை. இதனைத் தோல்வி என்று சிலர் கூறலாம். இரு பகுதியாரும் தேறினர் என்பதே அதன் மறுபக்கம். ஓடும் வரிசையில் நிமிடக்கணக்கிற் பார்த்து அனுப்பப்படும் நோயாளிக்குக் கால்மணி நேரம் ஒதுக்கிக் கேட்பதே இந்நாட்டில் அரிய மருந்தாக இருக்கின்றது.

அதே 2008இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழ் மற்றோர் ஆய்வை வெளியிட்டது. உயிரை மாய்க்க முயன்று வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்ட 1867 பேர் அதில் இடம்பெற்றனர். ஆய்வு நடந்த ஐந்து நகரங்களுட் கொழும்பும் சென்னையும் இரண்டு. ஒரு பகுதியாரோடு வீடு திரும்புமுன் ஒரு மணி நேரம் பேசி, பின்னர் பதினெட்டு மாதத்துள் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ நலம் விசாரித்தனர். அக்காலத்துள் தற்கொலையால் இறந்தோர் இப்பகுதியில் நூற்றுக்கு 0.2, வழக்கமான கவனிப்புப் பெற்ற மறுபகுதியில் 2.2. இறந்தோர் தொகை இரு பக்கமும் சிறிதாகலின் இதனை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. எனினும் ஒன்பது விசாரிப்பு என்பது எவ்வளவு சிறிய செலவு!

இலங்கைக்கு இது ஏட்டுச் செய்தியன்று. 1995இல் இந்நாட்டிலே இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்தனர். உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் அது ஒன்று. கொடிய பூச்சிநாசினிகளை அரசாங்கம் படிப்படியாகத் தடைசெய்ததால் பத்தாண்டுகளில் அது பாதியாகக் குறைந்தது. நஞ்சு பற்றிய அவ்வாராய்ச்சியிற் பேராதனை வைத்திய பீடத்துக்கும் பெரும் பங்கு உண்டு. கைக்கெட்டும் நஞ்சை அகற்றியதனால் உயிர் தப்பியவர் பல்லாயிரவர். ஆனால் நஞ்சை நாடச்செய்த துயரம் தடைச்சட்டத்தால் அகலவில்லை. உயிர்தப்பி வீடு திரும்பியவரோடு யார் பேசுகின்றார் என்பது அங்கேதான் கேள்வியாகின்றது.

2005இல் வகுக்கப்பெற்ற தேசிய மனநலக் கொள்கை, வைத்தியத்தைப் பெரிய மனநோய் வைத்தியசாலைகளிலிருந்து மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்ல எண்ணிற்று. குறுகிய பயிற்சி பெற்ற மனநல வைத்திய அதிகாரிகள் பல ஊர்களுக்கு அனுப்பப்பட்டனர். கண்டி மலைகளைப் பொறுத்தவரை எஞ்சி நிற்பது மொழி. மருந்தை எந்த மொழியிலும் எழுதிக்கொடுக்கலாம். 'எதை விட்டாய்' என்ற கேள்வியை நோயாளியின் மொழியிலேதான் கேட்கமுடியும். தோட்டத்துப் பேச்சிற் பிறந்து வளர்ந்த, பத்தாம் வகுப்பை முடித்த இளம்பெண் ஒருத்தி அதனைக் கேட்கத் தகுந்தவளா என்ற வினாவுக்குக் கோவாவிற் கிடைத்த விடை, தகுந்தவள் என்பது. பயிற்சியும் மேற்பார்வையும் சம்பளமும் இருந்தால். மூன்றாவது இல்லாமல் முதலிரண்டும் நெடுநாள் நிற்பதில்லை என்பதைத் தொண்டர் திட்டங்கள் பலவற்றின் வரலாறு காட்டுகின்றது.

கொழும்புக்கு அண்மையில் அங்கொடையிலுள்ள மனநோய் வைத்தியசாலை தோன்றியது 1926 ஆம் ஆண்டில். அக்காலத்திற் கண்டி மலையிலிருந்து அங்கு கொண்டுசெல்லப்பட்டவர் மீண்டு வருவது அருமை என்று வீட்டார் எண்ணினர். தேசிய மனநல நிறுவகம் என்று இன்று வழங்கும் அவ்வைத்தியசாலை, இரவும் பகலும் துயருற்றாரின் அழைப்பை ஏற்கும் தொலைபேசி ஒன்றை நடத்திவருகின்றது. அதன் இலக்கமும் 1926.